மின்னூலுக்குப் பூட்டு: சாவி யார் கையில்?

நூலைப் பதிப்பித்தவரிடமிருந்தே நேராக வாங்குவது நமக்குப் புதிய செய்தியன்று. பதிப்பகத்தின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டு, வி.பி.பி.யில் நூலை வரவழைத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இடையில் கடைக்காரர் இல்லை. அவருக்குத் தரவேண்டிய கழிவும் இல்லை. தபால்காரர் ஒருவரே போதும். மின்னூல் வந்த பிறகு அந்தத் தபால்காரரும் தேவையில்லை. கணிப்பொறியில் ஒரு கோப்பாக இருக்கும் நூல், பணம் செலுத்திய மறு நொடியே வாசகரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்படியானால் பதிப்பகங்கள் எல்லாம் தம் மின்னூல்களைத் தாமே விற்கத் தொடங்கியிருக்க வேண்டும் அன்றோ?

நடந்தது வேறு. அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்கள், கிண்டில் என்னும் மின்னூல் கருவியை வைத்திருந்த இலட்சக்கணக்கான வாசகர்களுக்குத் தம் நூலைத் தாமே நேராக விற்க இயலாமல் போயின. இதற்குத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. தம் நூல்கள் திருடுபோகாமல் காப்பதற்காக அப்பதிப்பகங்களே விரும்பிக் கேட்டுப் போட்டுக்கொண்ட ஒரு பூட்டுதான் காரணம். இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, முதலில் அந்தப் பூட்டின் அமைப்பைப் பார்ப்போம்.

பூட்டும் சாவியும்

மின்னூல் என்பது ஒரே கோப்பு போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு மூட்டை. ஈபப் என்னும் பொதுவடிவில் அமைந்த நூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சிறு கோப்புகள், படங்கள், எழுத்துருக்கள், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் ஆகியவை இருக்கும். அவற்றை யாரும் படிக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். ஆயிரமாவது நகலும் முதல் நகலைப் போலவே துல்லியமாக இருக்கும். பதிப்பாளர்களைக் கலங்கச் செய்தது இந்தப் பண்புதான்.

நகல்காப்புப் பூட்டு, நகல் எடுப்பதை உண்மையில் தடுப்பதில்லை. பூட்டிய நூலையும் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம்; ஆனால் படிக்க முடியாது. அத்தியாயக் கோப்புகளில் உள்ள எழுத்துகள், ஒரு இரகசிய எண்ணைக் கொண்டு முற்றிலும் குழப்பிப் போடப்பட்டிருக்கும். அந்த எண்தான் சாவி. மின்னூல்களில் பரவலாகப் பயன்படும் ஏ.ஈ.எஸ். என்னும் முறையில் சாவியின் நீளம் 128 பிட்டுகள். அதாவது 0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களால் எழுதப்பட்ட 128 இலக்க எண்.

இது சிறிய எண்தானே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டை இரண்டால் 128 தடவை பெருக்கும் அளவுக்குச் சாவிகள் இருக்க முடியும். 34 என்று எழுதி, அதன்பின் 37 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணுக்கு அது ஏறக்குறையச் சமம். ஒரு கணிப்பொறி நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிப்பதாக வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்! ஆகவே கணித முறையில் இப்பூட்டு மிக வலிமையானது.

இனி, நூலை வாங்கியவருக்கு மட்டும் சாவியைத் தருவது எப்படி? சாவியைத் திறந்த உறையில் அனுப்பினால் அவர் அதை நண்பருக்கும் தந்துவிடலாம். இதற்காக இரண்டாவது பூட்டு ஒன்று வைக்கிறார்கள். அடோபி நிறுவனத்தின் முறையை உதாரணமாகக் கொள்வோம். வாசகர் தம் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கித் தம் கணிப்பொறியைப் பதிவு செய்கிறார். அப்போது அவருக்கென்று ஒரு இணைச் சாவி உருவாகிறது. இணையில் ஒன்று பூட்டுவதற்கு மட்டும் பயன்படும், மற்றொன்று திறப்பதற்கு. பூட்டும் சாவி விற்பனையாளரின் பக்கம் இருக்கும். திறக்கும் சாவி வாசகரின் கருவிக்குள் மறைத்து வைக்கப்படும். நூலின் 128 பிட்டுச் சாவியை, வாசகரின் பூட்டும் சாவியால் பூட்டி, நூல் மூட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வாசகரின் பெயரில் பதிந்த கருவி மட்டுமே அதைத் திறந்து, நூலின் சாவியை எடுத்து, பக்கத்தைக் காட்டும். நண்பரின் கருவியில் நூல் திறக்காது. அவரிடம் வேறு சாவி அல்லவா இருக்கிறது!

காப்பாற்றப்படுபவரும் கள்வரும் ஒருவரே

இவ்வளவு உறுதியான பூட்டு எப்படி உடைபடுகிறது? இங்கேதான் இந்தத் துறையின் அடிப்படைக் கோளாறு இருக்கிறது.

இரகசியச் செய்தி அனுப்பும் கலையில் மூவர் உண்டு. செய்தியை அனுப்புபவர், பெறுபவர், இடைமறித்துப் பார்க்க முயலும் பகைவர். பகைவரிடம் சாவி இருக்காது. அதனால் கணிதம் வெல்லும். மின்னூலில் செய்தியைப் பெறுபவர் வாசகர். நகல் எடுத்துவிடுவாரோ என்று அஞ்சப்படும் பகைவரும் அதே வாசகர்தான். அவர் படிக்க வேண்டுமானால் சாவியை அவர் கருவிக்குள் வைத்தே ஆகவேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் வீட்டிலேயே சாவியை ஒளித்து வைப்பதைப் போன்றது இது. கெட்டிக்காரர் ஒருவர் தேடிப் பிடித்துவிட்டால் போதும். பிறகு அவர் எழுதும் சிறு நிரலைக் கொண்டு யாரும் பூட்டை நீக்கிவிடலாம். பிரபஞ்சத்தின் வயதை மிஞ்சும் கணக்கெல்லாம் அப்போது உதவுவதில்லை.

இது வெறும் ஊகமன்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்டீபன் கிங் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியரின் குறுநாவல் ஒன்று மின்னூலாக மட்டும் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 4 லட்சம் பிரதிகள் போயின. சில நாட்களுக்குள்ளேயே பூட்டு நீக்கிய பிரதிகளும் உலவத் தொடங்கிவிட்டன. 2001 ஜூலையில் திமீத்ரி ஸ்க்லியாரவ் என்னும் ரஷ்ய நிரலாளர் அமெரிக்காவில் கைது செய்யப்பட்டார். அடோபி மின்னூல்களின் பூட்டை நீக்கும் நிரலை உருவாக்கியவர் அவர். அவர் பணிபுரிந்த நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. 2002 டிசம்பரில் ஜூரிகள் அந்நிறுவனம் குற்றமற்றது என்றனர்.

வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் என்கிறீர்களா? 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, நகல்காப்புப் பூட்டை நீக்குவதையும், நீக்கும் கருவிகளை விநியோகிப்பதையும் குற்றமாக்கிற்று. கணிதத்தால் காக்க முடியாததைச் சட்டத்தால் காக்கும் ஏற்பாடு அது. நம் நாட்டிலும் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் 65-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காக உடைத்தால் குற்றமாகாது என்ற விலக்கும் அதில் இருக்கிறது. அந்த விலக்கு அறிவுடைய செயல் என்பது என் கருத்து.

பூட்டுக்கு உடையவர் யார்?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். பூட்டைக் கேட்டவர் பதிப்பாளர். பூட்டைச் செய்தவர் யார்? கருவியை விற்ற நிறுவனம்.

அமேசான் நிறுவனம் 2005இல் மொபிபாக்கெட் என்னும் பிரெஞ்சு மின்னூல் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2007 நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்டது. கிண்டில் இரண்டு வகை நூல்களைத் திறக்கும்: அமேசானின் பூட்டுப் போட்ட நூல்கள், பூட்டே இல்லாத நூல்கள். பிறர் பூட்டுப் போட்ட நூலைத் திறக்காது. அமேசானின் பூட்டைப் போடும் அதிகாரமோ அமேசானுக்கு மட்டுமே உண்டு.

ஒரு பதிப்பாளரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் சொந்தக் கடையில் மின்னூல் விற்க விரும்புகிறீர்கள். பூட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது உங்கள் நிறுவனத்தின் விதி. அடோபியின் பூட்டை வாடகைக்கு எடுக்கலாம்; ஒவ்வொரு விற்பனைக்கும் அடோபிக்குக் கட்டணம் தரவேண்டும். அது போகட்டும். அந்தப் பூட்டுப் போட்ட நூல் கிண்டிலில் திறக்காது. உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கிண்டில்காரர்களாக இருந்தால் கடையைத் திறந்து என்ன பயன்? மீதமுள்ளவர்களும் கணக்குத் தொடங்கி, கருவியைப் பதிந்து, கடவுச்சொல்லை மறந்து, உங்களுக்குத்தான் புகார்க் கடிதம் எழுதுவார்கள். பூட்டு அடோபியினுடையது, வசை உங்களுக்கு. பெரிய நிறுவனம் இதற்கென்று நான்கு பேரை அமர்த்தும். இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறு பதிப்பகத்துக்கு அது கட்டுப்படியாகுமா?

வாசகரின் நிலையையும் பாருங்கள். ஒருவர் 10 டாலர் வீதம் 60 மின்னூல்கள் வாங்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வேறு கருவிக்கு மாறினால் அந்த 600 டாலர் நூலகத்தை இழக்க நேரும். அதனால் மாறமாட்டார். ஒவ்வொரு புதிய நூலும் அவரை அதே கடையுடன் இன்னும் இறுக்கிக் கட்டுகிறது. அந்தக் கயிற்றைத் திரித்துக் கொடுத்தவர்கள் பதிப்பாளர்களே. இங்கிலாந்தின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சார்லஸ் ஸ்ட்ராஸ் 2011இல் இதைத்தான் எடுத்துரைத்தார். திருட்டுக்கு அஞ்சிப் பதிப்பகங்கள் வற்புறுத்திய பூட்டே, அவர்களை அடிக்கும் கோலாக அமேசானின் கையில் ஆகிவிட்டது என்பது அவர் வாதம்.

2014இல் இந்தக் கோல் எப்படி வீசப்படும் என்பது தெரிந்தது. மின்னூல் விற்பனை ஒப்பந்தத்தில் ஹாஷெட் பதிப்பகத்துக்கும் அமேசானுக்கும் தகராறு மூண்டது. ஹாஷெட்டின் நூல்களுக்கு முன்பதிவு வசதி அகற்றப்பட்டது. அச்சு நூல்களை அனுப்பத் தாமதமாயிற்று. நவம்பரில் உடன்பாடு ஏற்படும் வரை பல மாதங்கள் எழுத்தாளர்கள் நடுவில் சிக்கித் தவித்தனர். “எங்களிடம் நேரில் வந்து வாங்கிக் கிண்டிலில் படியுங்கள்” என்று வாசகர்களை அழைக்க ஹாஷெட்டால் முடியவில்லை. அது பூட்டை விடாத பதிப்பகம்.

இசை உலகம் இப்பாடத்தை முன்பே கற்றிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆப்பிள் நிறுவனத்தின் பூட்டில் சிக்கிய இசைத்தட்டு நிறுவனங்கள், 2007 முதல் பூட்டில்லாத பாடல்களை விற்கத் தொடங்கின. அவற்றை விற்று ஆப்பிளுக்குப் போட்டியாக எழுந்தது யார் தெரியுமா? அமேசான்! 2009இல் ஆப்பிளும் பாடல்களின் பூட்டைக் கைவிட்டது.

பூட்டாமல் விற்றவர்கள்

எல்லாப் பதிப்பாளர்களும் பூட்டை நாடவில்லை. ஜிம் பேன் என்பவர் நடத்திய பேன் புக்ஸ் என்னும் அமெரிக்கப் பதிப்பகம், 1999இலேயே தன் தளத்தில் மின்னூல்களைப் பூட்டின்றி நேராக விற்கத் தொடங்கியது. கிண்டில் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு! மாதந்தோறும் சில நூல்களை ஒரு கட்டாகத் தந்தார்கள். ஒரே நூலைப் பல வடிவங்களில் இறக்கிக்கொள்ளலாம். புதிய கருவி வந்தால் புதிய வடிவில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். கிண்டில் வந்தபோது பேன் வாசகர்கள் தங்கள் பழைய நூல்களை எடுத்து அதில் போட்டுக்கொண்டார்கள். பூட்டில்லாத நூலைத்தான் கிண்டில் திறக்குமே!

பிழை திருத்தம் முடியாத கைப்படி வடிவத்தையே, நூல் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்னதாக 15 டாலருக்கு விற்றது பேன். அச்சுப்பிழைகளோடு கூடிய பிரதிக்குக் கூடுதல் விலை! காத்திருக்கப் பொறுக்காத வாசகர்கள் வாங்கினார்கள். யார் தன் வாசகர், அவருக்கு எந்தக் கதைமீது பசி என்பது பதிப்பாளருக்குத் தெரிந்திருந்ததால் இது கூடிற்று. கடைக்காரர் வழியாக விற்பவருக்கு வாசகரின் பெயர்கூடத் தெரியாது. 2012 டிசம்பரில் பேன் நிறுவனமும் அமேசானில் விற்க இசைந்தது. அதற்காகத் தன் தளத்தின் விலைகளையும் கட்டுகளையும் மாற்றியமைக்க நேர்ந்தது. ஆனாலும் தன் கடையை மூடவில்லை.

அதே 2012இல் ஒரு பெரிய பதிப்பகமும் துணிந்தது. மக்மில்லன் குழுமத்தைச் சேர்ந்த டோர் புக்ஸ், தன் மின்னூல்கள் அனைத்தையும் பூட்டின்றி விற்கப்போவதாக ஏப்ரலில் அறிவித்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதன் பிரிட்டிஷ் கிளை வெளியிட்ட செய்தி முக்கியமானது: தங்கள் நூல்களின் திருட்டு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றார்கள். ஒரு நிறுவனத்தின் அனுபவம் பொதுவிதி ஆகிவிடாது என்பது உண்மைதான். அறிவியல் புனைகதை வாசகர்கள் கணிப்பொறி தெரிந்தவர்கள், பூட்டை வெறுப்பவர்கள், பிடித்த எழுத்தாளருக்குப் பணம் போக வேண்டும் என்று எண்ணுபவர்கள். விலையுயர்ந்த பாடநூலைக் கட்டாயத்தின்பேரில் வாங்கும் மாணவரிடம் அந்தப் பற்றை எதிர்பார்க்க முடியுமா? ஆனால் ஒன்று சொல்லலாம். திருடுபவருக்கு ஒரே ஒரு பூட்டு நீங்கிய பிரதி போதும். அது எப்படியும் கிடைத்துவிடுகிறது. பூட்டின் தொல்லை முழுவதும் பணம் கொடுத்து வாங்கியவருக்கே.

பூட்டுக்குப் பதில் முத்திரை

2012 மார்ச்சில் ஹாரி பாட்டர் நூல்கள் மின்னூலாக வந்தபோது மூன்றாவது வழி ஒன்று பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. ஆசிரியர் ரௌலிங் மின்னூல் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்தார். பாட்டர்மோர் என்னும் சொந்தக் கடையில் நூல்களை விற்றார். ஈபப் நூலில் பூட்டில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவரை அடையாளம் காட்டும் நீர்க்குறி இருந்தது. அமேசான் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு, வாங்க வந்தவர்களைப் பாட்டர்மோர் கடைக்கு அனுப்பி வைத்தது! அந்த நூல்களுக்கு இருந்த கிராக்கி அப்படி. எல்லாப் பதிப்பாளர்களுக்கும் அந்த மரியாதை கிடைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீர்க்குறி என்பது பணத்தாளில் உள்ளதைப் போன்றது எனலாம். அதை எப்படி ஒரு மின்னூலுக்குள் புகுத்துவது? எளிய வழி, வாங்கியவரின் பெயரை முதல் பக்கத்தில் அச்சிடுவது. மறைவான வழியும் உண்டு. நூலில் 20 இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மாற்றுகளில் ஒன்றை வையுங்கள். உதாரணமாக, கோப்பின் உள்கட்டளை வரியில் ஓர் இடைவெளி அல்லது இரண்டு இடைவெளிகள். இரண்டை இரண்டால் 20 தடவை பெருக்கினால் 10,48,576. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாசகர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பிரதி! திருட்டுப் பிரதி எங்கேனும் அகப்பட்டால் அந்த 20 இடங்களைப் பார்த்து, அது யாருக்கு விற்ற பிரதி என்று கண்டுபிடித்துவிடலாம். நூல் எந்தக் கருவியிலும் திறக்கும். யாரிடமும் அனுமதி கேட்காது. குறை இல்லாமலில்லை. இரண்டு வாசகர்கள் தம் பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், வேறுபடும் இடங்கள் வெளிப்பட்டுவிடும். கைபேசியைத் தொலைத்த அப்பாவி ஒருவர்மேல் பழி விழவும் கூடும்.

கடை மூடினால்?

பூட்டைப் பற்றிய கதையில் பதிப்பாளரை மட்டும் பார்த்தால் போதாது. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அந்நூல்களை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் நிறுவனத் தலைவரே மன்னிப்பும் கேட்டார். ஆனால் அவர்கள் நம் அலமாரிக்குள் கைவிட முடியும் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, சாவி தரும் கணிப்பொறியும் நின்றது. வாங்கிய நூல்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்நிறுவனத்துக்குப் பண வளம் இருந்ததால் முழுத்தொகையும் திருப்பித் தந்தது. நூல்களில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு மேலும் 25 டாலர் தந்தது. நொடித்துப்போன ஒரு சிறு கடை என்ன செய்யும்?

பேன் கடை நாளை மூடினாலும் அதன் வாசகர் ஏற்கெனவே இறக்கி வைத்த நூலுக்கு ஒன்றும் ஆகாது. நேரடி விற்பனையே எல்லா நோய்க்கும் மருந்து என்று இதற்குப் பொருளன்று. கணிப்பொறி நூல்களைப் பூட்டின்றி விற்றுப் பெயர்பெற்ற ஓரெய்லி நிறுவனம், 2017இல் தனிநூல் விற்பனையை நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. பூட்டு வேண்டிய இடமும் உண்டு. நூலகம் இரவல் தரும் மின்னூல் குறித்த நாளில் தானே மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது இரவல் அன்று, தானம். இதற்காகப் பாரிஸ் நகரிலுள்ள ஈ.டி.ஆர். லேப் என்னும் அமைப்பு ‘எல்.சி.பி.’ என்ற பொதுப் பூட்டொன்றை நிர்வகித்து வருகிறது. எந்த நிறுவனத்திலும் கணக்குத் தொடங்காமல், ஒரு கடவுத்தொடரை இட்டு நூலைத் திறக்கலாம். பல நிறுவனங்களின் செயலிகள் அதை ஏற்கின்றன. கிண்டில் ஏற்கவில்லை.

ஒலிநூல்களில் நிலைமை இன்னும் கடுமை. அமேசானுக்குச் சொந்தமான ஆடிபிள், ஆசிரியரே வேண்டாம் என்றாலும் பூட்டுப் போடாமல் விற்பதில்லை. கனடா நாட்டில் பிறந்த எழுத்தாளர் கோரி டாக்டரோ அங்கே விற்க மறுத்து, 2020இல் தம் நாவலின் ஒலிநூலை முன்கூட்டியே வாசகர்களிடம் நேராக விற்றார். இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அவர் அத்தகைய வாசகர் கூட்டம் உடையவர். முதல் நூல் எழுதும் ஓர் இளைஞருக்கு அவ்வழி எளிதன்று.

2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய கிண்டில் நூல்களைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பிவழியே கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்திற்று. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 ஜனவரி முதல் நாள், கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்வடிவப் பண்டங்களை விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உடைமை அன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால், அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நீங்கள் அடுத்த முறை மின்னூல் வாங்கும்போது, விலைக்குக் கீழே உள்ள சிறிய எழுத்துகளையும் படித்துப் பாருங்கள். டோர் நூல்களின் பக்கத்தில், பதிப்பாளரின் வேண்டுகோளின்படி இந்நூல் பூட்டின்றி விற்கப்படுகிறது என்னும் பொருள்பட ஒரு வரி இருப்பதைக் காணலாம்.